தாதியர் படிப்பில், வாட் (ஆஸ்பத்திரி விடுதி) பயிற்சியில் உங்களைத் தூக்கிவிட்டவர் யார்? அனுபவத்தைச் சொல்லுங்கோ

இணுவில்மகள்
மார்கழி மழையில் டெங்கு வாட் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் அப்போது இரண்டாம் வருடம். காய்ச்சல் விட்டு, எழும்பி இருந்து கதைத்துக்கொண்டிருந்த பொடியனுக்குப் பிரஷர் பார்த்தேன். 100/80. காய்ச்சல் விட்டதில் தாய்க்குச் சந்தோசம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20தான், கையும் குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விடுகிற நேரம்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம் கண்ணை எடுக்கக்கூடாது என்று வாட் சிஸ்டர் (வாட்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி) முதலே சொல்லித் தந்திருந்தார்.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவரே டொக்டருக்குச் சொல்லியிருக்கலாம். போனை என் கையில் தந்து, "நீதானே பார்த்தனி, நீயே சொல்லு பிள்ளை" என்றார். எனக்கு இங்கிலிஷ் வாயில் வரவில்லை. அவர் பக்கத்தில் நின்று, நோயாளியின் பதிவுத்தாளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்: பிரஷர், நாடித்துடிப்பு, பிசிவி (இரத்தத்தில் செவ்வணுக்களின் வீதம்), கடைசி மணித்தியாலம் போன சிறுநீர். விரல் போன இடத்தையெல்லாம் வாசித்தேன். டொக்டர் உடனே வந்தார். பொடியன் சுகமாகி வீட்டுக்குப் போனான். சிஸ்டர் இப்போது ஓய்வில். ஒருக்காவது போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் அரிக்கிறது.

வடமராட்சியான்
எனக்கு முதல் நியமனம் அனுராதபுரம் பக்கம். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. தமிழ் தெரியாத ஒரு மிசிதான் (தாதிதான்) என்னைப் பக்கத்தில் இருத்தி, எங்கே நோகிறது, எப்போது சாப்பிட்டது என்று கேட்பதைச் சொல்லச் சொல்ல, நான் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

நல்லூர்க்கிளி
இணுவில்மகள், கோபிக்க வேண்டாம், போனைக் கையில் தருவது எல்லாருக்கும் சரிவராது. எனக்கும் ஒருவர் அப்படித்தான் தந்தார், தந்துவிட்டு அங்கால் போய்விட்டார். நான் திக்கித் திணறியதை நோயாளியின் சொந்தக்காரர் முன்னாலேயே ஏசினார். அப்புறம் ஒரு மாதம், தெரிந்ததைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை. படிப்பையே விட நினைத்தேன்.

இணுவில்மகள்
என்னுடையவர் அசையாமல் பக்கத்தில் நின்றவர், தங்கச்சி. உனக்கு நடந்ததையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதே.

பழையரியூட்டர்
நான் படித்த காலத்தில் எனக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவர், முதல் ஊசியைத் தன் கையிலேயே போடச் சொன்னவர். அதைப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன். இப்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டொக்டருக்குப் போன் எடுக்க முதல் ஒரு துண்டில் நாலு வரி எழுதுங்கோ: இப்போது என்ன நடக்கிறது, நோயாளி எதற்காக வந்தவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டொக்டர் என்ன செய்ய வேண்டும். நாலாவது வரியைத்தான் எல்லாரும் விடுவது. "வந்து பாருங்கோ" என்று கேளுங்கோ, வெட்கப்படாதேங்கோ.

படிப்பு இங்கிலிஷில் என்றாலும் முதலில் தமிழில் விளங்கி எழுதுங்கோ. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர், புத்தகங்களையும் தமிழாக்கியவர். தமிழில் விளங்கினது பிறகு இங்கிலிஷில் வரும். ஏசுகிற சிஸ்டரிடம் மாட்டினால் ஒதுங்காதேங்கோ. அதே வாட்டில் ஒரு மூத்த மிசியாவது நல்லவராக இருப்பார், ஓய்வான நேரம் பார்த்து அவரிடம் கேளுங்கோ. நல்லூர்க்கிளி, நீங்கள் இப்போது எந்த வாட்டில்?

நல்லூர்க்கிளி
சத்திரசிகிச்சை வாட், அம்மா. போன கிழமை இரண்டு புதுப் பிள்ளைகளை என்னோடு விட்டிருக்கிறார்கள். அந்த நாலு வரியை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன் எடுக்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன்.