கோழிக்கொட்டகைக்குள் ராத்திரி தண்ணீர்: வைக்கவே கூடாது என்கிறேன்

கொண்டைச்சேவல்:
தோட்டத்தில் கோழியோடு வாத்து வளர்ப்பது பற்றி வாத்துமடை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ராத்திரியும் கூட்டுக்குள் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் வைக்காமல் கதவைச் சாத்துகிறவர்களுக்கு வாத்து வளர்க்கும் தகுதியே கிடையாது." இப்படி எழுதியிருக்கிறார். பதினோரு வருஷமாக ஆறு வாத்து, ஒன்பது கோழி, ஒரே கொட்டகை. எனக்குத் தகுதி இல்லையாம்.

முதல் வருஷம் நானும் தண்ணீர் வைத்தவன்தான். சாயங்காலம் ஒரு வாளி நிறைய ஊற்றிவிட்டுப் போவேன், காலையில் வாளி காலியாக இருக்கும். குடித்துத் தீர்க்கவில்லை. வாத்து அலகை முக்கும், வாய் நிறைய அள்ளும், நாலடி நடந்து மரத்தூளில் கொட்டிவிட்டு அந்த ஈரத்தைத் துழாவும். மறுபடி வாளிக்குப் போகும். விடியும்வரை அதே வேலை. மரத்தூளை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வழியும். குனிந்தால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அந்த நெடிக்குள்தான் என் கோழிகள் கம்பில் அடைந்து கிடந்தன. இரண்டு பெட்டைகள் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வாளியை வெளியே எடுத்தேன். அத்தோடு சரி. இன்றுவரை ராத்திரி தண்ணீர் இல்லை.

வாத்துமடை:
நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன். வாத்து நீர்ப்பறவை. கோழி மாதிரி இருட்டியதும் மரக்கட்டையாகத் தூங்காது. ராத்திரியில் பலமுறை எழும், நடக்கும், துழாவும். மூக்குத்துவாரத்தில் ஒட்டியதைத் தண்ணீரை ஊதித்தான் கழுவும், கண்ணைத் தலையை முக்கித்தான் கழுவும். பத்து மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அடைத்து வைப்பதற்குப் பெயர் வளர்ப்பு இல்லை. உங்கள் மரத்தூள் நனைகிறது என்றால் மரத்தூளை மாற்றுங்கள். வாத்தின் தாகத்தை மாற்ற முடியாது.

கொண்டைச்சேவல்:
தாகமா? சாயங்காலம் தொட்டியில் ஒரு மணி நேரம் நீந்திவிட்டு, குடித்துவிட்டு, இறகு கோதிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. உள்ளே தீவனமும் கிடையாது. தீவனம் இருந்தால் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், உலர்ந்த தீவனம் வாத்தின் தொண்டையில் அடைக்கும். அதனால்தான் இரண்டையும் வைப்பதில்லை. விடிந்ததும் கதவைத் திறந்தால் நேராகத் தொட்டி. பதினோரு வருஷத்தில் தண்ணீர் இல்லாமல் ஒரு வாத்துகூடச் சாகவில்லை.

பச்சைக்கதவு:
அண்ணா, அக்கா, ஒரு சந்தேகம். நீங்கள் இருவரும் "கூடு" என்று எதைச் சொல்கிறீர்கள்? ராத்திரி மட்டும் அடைக்கும் மரப்பெட்டியா, வலையடித்த முற்றத்தோடு சேர்ந்த கொட்டகையா? பேசுவது வளர்ந்த வாத்தைப் பற்றியா, குஞ்சைப் பற்றியா? நான் இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

வாத்துமடை:
சாகவில்லை என்பது ஒரு அளவுகோலா? ஐரோப்பாவில் பண்ணை விலங்குகள் பாதுகாப்பு உடன்படிக்கையின் நிலைக்குழு 1999-ல் வாத்து வளர்ப்புக்கென்றே பரிந்துரை வெளியிட்டது. குளிக்கும் தண்ணீர் தர முடியாவிட்டாலும், வாத்தின் தலை முழுக்க மூழ்கும் அளவுக்கு, அலகால் அள்ளி உடம்பில் உதறிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அதில் இருக்கிறது. பண்ணைக்கே அப்படி. வீட்டில் செல்லமாக வளர்க்கிறவர் அதைவிடக் குறைவாகவா தருவது?

கொண்டைச்சேவல்:
தலை மூழ்கத் தண்ணீர் வேண்டும். சரி. ராத்திரி பத்து மணிக்கு, கோழி அடையும் கொட்டகைக்குள் வைக்க வேண்டும் என்று எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள். என் தொட்டி முழங்கால் ஆழம். ஆறு வாத்தும் தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

மண்புழு:
இருவருக்கும் நடுவில் வருகிறேன் என்று கோபிக்க வேண்டாம். அகலமான தட்டின் மேல் கம்பிச்சட்டம் போட்டு, அதன் மேல் வாளியை வைத்தால் சிந்துவதெல்லாம் தட்டில் இறங்கும், மரத்தூளுக்குப் போகாது. வாளியின் பக்கவாட்டில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டால் வாத்தால் உள்ளே ஏறி உட்காரவும் முடியாது. நான்கு வாத்துக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன். தட்டுத் தண்ணீரைக் காலையில் வாழையடியில் ஊற்றுவேன், நல்ல உரம்.

கொண்டைச்சேவல்:
தட்டு, சட்டம், ஓட்டை போட்ட வாளி. எல்லாம் சரி. வாத்து வாயில் அள்ளிக்கொண்டு நடக்கிறதே, அதற்கு எந்தத் தட்டை வைப்பீர்கள்? கொட்டகை முழுக்கவா? அதோடு எச்சத்தை மறந்துவிட்டீர்கள். வாத்தின் எச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான். உள்ளே எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவும் விடிவதற்குள் தரையில். கோழி எச்சம் ஒரு நாளில் காய்ந்து பொடியாகும். இது காயவே காயாது. ஈரத்தில் நிற்கும் கோழிக்குப் பாதத்தில் புண் வரும், அது உள்ளே சீழ் கட்டிக் கொட்டை மாதிரி இறுகும். என் கையாலேயே ஒரு பெட்டைக்கு இரண்டு மாதம் கட்டுப் போட்டிருக்கிறேன்.

நாலுமுட்டை:
தண்ணீர்ச் சண்டை இருக்கட்டும். சேர்த்து வளர்ப்பதில் பெரிய தப்பு தீவனத்தில்தான் நடக்கிறது, அதை யாரும் பேசவில்லை. கோழிக்குஞ்சுத் தீவனத்தை அப்படியே வாத்துக்குஞ்சுக்குப் போட்டால் கால் வளையும். வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற பி3 வைட்டமின் கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் வேண்டும் என்று கணக்கு. கோழிக்குஞ்சுக்கு 35 இருந்தால் தாராளம். எனக்கு மூன்று குஞ்சுகள் முதல் வாரமே கணுக்கால் மூட்டு வீங்கி, முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டன. நியாசின் உள்ள புரூவர்ஸ் ஈஸ்ட் பொடியைக் கலந்து கொடுத்ததும் இரண்டு எழுந்து நடந்தன. ஒன்று கடைசிவரை நொண்டிதான்.

வாத்துமடை:
நல்ல விஷயம் சொன்னீர்கள் நாலுமுட்டை. குஞ்சுக்கு ராத்திரி தண்ணீர் இல்லாமல் இருக்க முடியுமா என்று கொண்டைச்சேவல் ஐயாவிடம் கேளுங்கள். குஞ்சு ராத்திரியும் தின்னும், தின்றால் குடிக்க வேண்டும். இதற்கு என்ன பதில்?

கொண்டைச்சேவல்:
குஞ்சைப் பற்றி நான் எங்கே பேசினேன்? குஞ்சு தனிப்பெட்டியில், விளக்குச் சூட்டில், தாழ்ந்த கிண்ணத்தோடு இருக்கும். அம்மா இல்லாத வாத்துக்குஞ்சு நனைந்தால் இறகில் தண்ணீர் ஏறி நடுங்கிச் செத்துப்போகும், அதனால் கிண்ணத்துக்குள் கூழாங்கல் போடுவேன். இதெல்லாம் நான் எழுதி மூன்று வருஷம் ஆகிறது, அப்போது நீங்கள் வாத்தே வாங்கவில்லை. கேள்வி கொட்டகையைப் பற்றியது. கோழி அடையும் கொட்டகைக்குள் ராத்திரி தண்ணீர் வைக்கக் கூடாது. இதற்குத்தான் பதில் வேண்டும்.

வாத்துமடை:
மூன்று வருஷம் முன்னால் நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. "அறுகோணக் கண் வைத்த கோழிவலை போதும், மேலே செலவு வேண்டாம்" என்று எழுதினீர்கள். நம்பி அடித்தேன். கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், வெளியே இருந்து வருவதை நிறுத்தாது. நாய் ஒன்று ஒரே இரவில் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. காலையில் போனால் இரண்டு வாத்துகள் இல்லை, மூன்றாவது வாத்து ஒரு மூலையில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது, மூன்று நாள் சத்தமே போடவில்லை. அப்புறம்தான் அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் கம்பிவலை அடித்து, ஓர் அடி மண்ணுக்குள்ளும் புதைத்தேன். அன்றைக்கு உங்களிடமிருந்து "வருந்துகிறேன்" என்று ஒரு வார்த்தை வரவில்லை.

கொண்டைச்சேவல்:
அப்போது நான் எழுதியது பகலில் மேயும் முற்றத்துக்கு. ராத்திரி அடைக்கும் கொட்டகைக்கு மரப்பலகை என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. பாதியைப் படித்துவிட்டு வாத்தைப் பறிகொடுத்தால் பழி என் மேலா? வாத்து போனதற்கு எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதற்கும் கொட்டகைக்குள் தண்ணீர் வைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கூரைநிழல்:
ஆண் வாத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். என்னிடம் இரண்டு ஆண் வாத்து, இரண்டு பெண் வாத்து, ஐந்து பெட்டைக்கோழி. இப்போது ஆண் வாத்துகள் கோழி மேல் ஏற ஆரம்பித்துவிட்டன. ஒரு பெட்டைக்குத் தலையின் பின்பக்கம் முடியே இல்லை.

மண்புழு:
உடனே பிரியுங்கள் கூரைநிழல். சேவலுக்கு உள்ளே நுழைக்கும் உறுப்பு கிடையாது, பின்வாயை ஒட்டவைப்பதோடு முடிந்துவிடும். ஆண் வாத்துக்கு உண்டு, திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு நீளமாக வரும். கோழியின் உடம்பு அதற்கு ஏற்றதில்லை, உள்ளே கிழிந்து பெட்டை செத்தும் போகும். ஓர் ஆண் வாத்துக்குக் குறைந்தது நாலைந்து பெண் வாத்து வேண்டும். உங்களிடம் கணக்கே தலைகீழாக இருக்கிறது.

கொண்டைச்சேவல்:
இதை நான் எப்போதோ சொல்லிவிட்டேன். என்னிடம் ஆறுக்கு ஓர் ஆண்தான். அதுவும் வசந்தத்தில் கோழியைத் துரத்த ஆரம்பித்தால் மூன்று வாரம் தனியாக அடைப்பேன். இதெல்லாம் தெரிந்தவன்தான் சொல்கிறேன், ராத்திரி தண்ணீர் கூடாது என்று.

வாத்துமடை:
இதெல்லாம் தெரிந்ததால் அது உண்மையாகிவிடாது. பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாத்துக்கு ராத்திரி தண்ணீர் வேண்டாம் என்பதற்கு இதுவரை நீங்கள் கொடுத்த காரணம் எல்லாம் கோழியின் காரணம். கோழிக்குப் பாதம், கோழிக்கு மூச்சு, கோழிக்கு மரத்தூள். வாத்துக்காக ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

கொண்டைச்சேவல்:
அதுதானே விஷயம்! கோழியும் இருக்கிற கொட்டகை. வாத்து மட்டும் இருந்தால் குளத்தையே உள்ளே வெட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்டது? சேர்த்து வளர்ப்பதென்றால் இரண்டையும் பார்க்க வேண்டும். ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சல் கிருமி முற்றும். சூடும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் தொற்றுக்குத் தயாராகிவிடும். கோழியிலிருந்து வாத்துக்கும் போகும். அப்போது தெரியும்.

மண்புழு:
அது தவறு அண்ணா. இரத்தக்கழிச்சல் கிருமி இனத்துக்கு இனம் வேறு. கோழிக்கு வருவது வாத்துக்குப் போகாது. சேர்த்து வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டியது பறவைக் காய்ச்சலுக்கு. வாத்து அறிகுறியே காட்டாமல் சுமந்துகொண்டு திரியும், பக்கத்தில் இருக்கும் கோழி இரண்டு நாளில் மொத்தமாகச் சாயும். காட்டு வாத்து இறங்கும் குளத்தில் நம் வாத்தை விடவே கூடாது.

கொண்டைச்சேவல்:
கிருமி வேறு என்றே வைத்துக்கொள்வோம். ஈரம் ஒன்றுதானே? ஈரம் எங்கிருந்து வருகிறது? ராத்திரி வைக்கிற தண்ணீரிலிருந்து. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறீர்கள்.

நாலுமுட்டை:
மண்புழு, "இரண்டு நாளில் மொத்தமாக" என்று எல்லா வகைக் காய்ச்சலுக்கும் சொல்ல முடியாது. வீரியம் குறைந்த வகையும் உண்டு, முட்டை குறைவதோடு போய்விடும். புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

மண்புழு:
பயமுறுத்தவில்லை, எச்சரிக்கிறேன். மூன்று வாத்துக்குஞ்சுக்குக் கோழித்தீவனம் போட்டுக் காலை வளைத்தவர் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நாலுமுட்டை:
நான் செய்த தப்பை நானே சொன்னேன். அதை எடுத்து என் மேலேயே வீசுகிறீர்கள். இனி இங்கே யார் உண்மையைச் சொல்வார்கள்?

பச்சைக்கதவு:
மறுபடி கேட்கிறேன். "கூடு" என்றால் முற்றம் சேர்ந்ததா இல்லையா? முற்றத்துக்கும் வலை, கூரை எல்லாம் இருந்து, வாத்து முற்றத்திலும் கோழி உள்ளே கம்பிலும் தூங்கினால், தண்ணீரை முற்றத்தில் வைக்கலாம் இல்லையா?

கொண்டைச்சேவல்:
தம்பி, முற்றம் வேறு, கொட்டகை வேறு. நான் பேசுவது கொட்டகை. கொட்டகைக்குள் கூடாது.

வாத்துமடை:
முற்றமோ கொட்டகையோ, வாத்து இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். நேற்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து விளக்கடித்துப் பார்த்தேன். மூன்று வாத்தும் வாளியைச் சுற்றி நின்றன. சின்னது கண் வரைக்கும் தலையை முக்கி எடுத்து, மூக்கால் தண்ணீரை ஊதி, உதறிவிட்டு, மறுபடி முக்கியது. யாரும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு வேண்டியிருந்தது, செய்தது.

கொண்டைச்சேவல்:
மூன்று வாத்து! ஆறு வாத்து ஒன்பது கோழியோடு பதினோரு வருஷம் ஓட்டிவிட்டு வந்து பேசுங்கள். வாளியைச் சுற்றி நின்றதைப் பார்த்தீர்கள், வாளியைச் சுற்றித் தரை எப்படி இருந்தது என்று எழுதவில்லையே. அதையும் விளக்கடித்துப் பாருங்கள். நான் இப்போதுதான் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன். உள்ளே தரை காய்ந்திருக்கிறது, கோழி கம்பில், வாத்து வைக்கோலில் கழுத்தைத் திருப்பிச் செருகிக்கொண்டு படுத்திருக்கிறது. தண்ணீர் வெளியே தொட்டியில். நாளைக்கும் அங்கேதான்.

வாத்துமடை:
தரை ஈரமாகத்தான் இருந்தது. காலையில் அள்ளிப் போட்டுவிட்டுப் புது வைக்கோல் பரப்பினேன், கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். வாத்துக்கு வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கொண்டைச்சேவல்:
என் நேரத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். எந்த வரி என்று கேட்டேனே, அது இன்னும் வரவில்லை.