‘ஆயுள்னு சொன்னது நீங்கதானே’: அந்த அர்ஜென்டினா படத்துல உங்களை விடாத காட்சி எது?

கடைசிவரிசை

‘எல் செக்ரேதோ தே சுஸ் ஓஹோஸ்’ (2009) பார்த்தவங்க மட்டும் படிங்க. முடிவைப் பத்திதான் பேசப்போறேன். மொராலஸோட மனைவி லிலியானாவைக் கொன்னவன் கோமஸ், அந்த வழக்கை விசாரிச்சவர் எஸ்போசிட்டோ.

மொராலஸ் கையில சாப்பாட்டுத் தட்டோட இருட்டுல நடந்து போறான். எஸ்போசிட்டோ சத்தமில்லாம பின்னாலயே போறார். உள்ளே கம்பிக்கு அந்தப் பக்கம் கோமஸ், கிழவனாகி நிக்கிறான். ‘என்னைக் காப்பாத்துங்க’ன்னு கத்துவான்னு நான் நினைச்சேன். கத்தல. மெதுவா கம்பிகிட்ட வந்து, தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லுங்க, என்கிட்ட பேசவாவது சொல்லுங்கன்னு கேக்குறான். பக்கத்துல நிக்கிற மொராலஸ் அவன் பக்கம் திரும்பவே இல்ல. எஸ்போசிட்டோவைப் பார்த்து, ஆயுள்னு சொன்னது நீங்கதானேங்கிறான்.

அதுவரைக்கும் நான் முழுசா மொராலஸ் பக்கம். லிலியானாவை அந்த நிலையில பார்த்த பிறகு வேற யார் பக்கம் இருக்க முடியும்? ஆனா அந்த ஒரு கெஞ்சல் என்னை உலுக்கிடுச்சு. அடி இல்ல, பட்டினி இல்ல. நேரத்துக்குச் சோறு, ஆனா வருஷக்கணக்கா ஒரு மனுஷக் குரல் கிடையாது. இதை நியாயம்னு சொல்லவும் வாய் வரல, தப்புன்னு சொல்லவும் மனசு வரல. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

தெற்குவாசல்

எனக்கு கிளைமாக்ஸ் இல்ல, ஸ்டேடியம்தான். முதல்ல பார்ல நடக்குறதைச் சொல்லணும். கோமஸ் அம்மாவுக்கு எழுதின லெட்டர்ல வர்ற பேரெல்லாம் யாருன்னு யாருக்கும் புரியல. எஸ்போசிட்டோவோட கூட வேலை பார்க்குற நண்பன் சாண்டோவல் அந்த லெட்டர்களைப் பார்ல எப்பவும் கூட உட்கார்ற பெரியவர்கிட்ட காட்டுறான். அவர் ஒவ்வொரு பேரா கேட்டுட்டு, அவன் ரேசிங்ங்கிற கால்பந்து கிளப்புல என்னவா ஆடினான், எந்த வருஷம் ஆடினான்னு கடகடன்னு ஒப்பிக்கிறார். ஒன்பது வருஷமா சாம்பியன் ஆகாத டீம் ஆச்சேன்னு கேட்டா, வெறின்னா வெறிதான்ங்கிறார். அந்தப் பெரியவர் முகத்துல இருந்த வெளிச்சம் இன்னும் கண்ணுலயே நிக்குது. சாண்டோவல் அங்கதான் சொல்றான்: மனுஷன் முகத்தை மாத்தலாம், வீட்டை, குடும்பத்தை, காதலியை, மதத்தை, கடவுளைக்கூட மாத்தலாம், ஒண்ணே ஒண்ணை, தன் வெறியை மட்டும் மாத்த முடியாது. உடனே கட் பண்ணினா இருட்டுல ஒளிர்ற மைதானம்.

அது புவெனஸ் ஐரஸ்ல பார்க்கே பட்ரிசியோஸ் பகுதியில இருக்கிற உரகான் கிளப்போட தோமாஸ் அடோல்ஃபோ துகோ ஸ்டேடியம். கேமரா வானத்துல இருந்து கிரவுண்ட் மேல தாழ்ந்து, கூட்டத்துக்குள்ள புகுந்து, துரத்தல்ல ஓடி, கடைசியில கோமஸ் முகம் புல்லுல அமுங்குறவரைக்கும் வெட்டே தெரியாம அஞ்சு நிமிஷம் போல ஓடுது. தனித்தனியா எடுத்ததை கம்ப்யூட்டர்ல தைச்சதுதான், கூட்டத்துல பெரும்பகுதியும் கம்ப்யூட்டர்ல போட்டதுதான். அது தெரிஞ்ச பிறகும் எனக்கு ஆச்சரியம் குறையல.

பார்க்கப்போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். போன்ல பார்க்காதீங்க. டிவியில பார்த்தா ஸ்பீக்கர் நல்லதா வைங்க, இல்லாட்டி ஹெட்போன் போடுங்க. கூட்டத்தோட பாட்டு ஒவ்வொரு திருப்பத்துலயும் எப்படி மாறுதுன்னு கேளுங்க, மேல இருக்கும்போது அலை மாதிரி, கழிவறைக்குள்ள போனதும் சுவருக்குப் பின்னால அமுங்கின மாதிரி. டப்பிங் வேண்டவே வேண்டாம். சப்டைட்டில் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கங்க, இந்தப் படத்துல கண்ணுதான் முக்கியம், எழுத்து முகத்தை மறைக்கக்கூடாது. 2015 ஹாலிவுட் ரீமேக்கை முதல்ல பார்த்துடாதீங்க, ஜூலியா ராபர்ட்ஸ் நல்லா நடிச்சிருக்காங்க, ஆனா முடிச்சு அவிழ்ந்துடும். கால்பந்து தெரியாதவங்க ரேசிங்கைப் பத்தி கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க. 1966-ல சாம்பியன் ஆன டீம், அதுக்கப்புறம் உள்ளூர் லீக் பட்டம் கைக்கு வர 2001 ஆயிடுச்சு. படத்துல ஒன்பது வருஷம்னு கேக்கும்போது அர்ஜென்டினாக்காரங்க நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்னு அப்பத்தான் புரியும்.

நீலச்சங்கு

ஸ்டேடியத்துக்கும் கிளைமாக்ஸுக்கும் நடுவுல ஒரு விசாரணைக் காட்சி இருக்கே, அதை ஏன் யாரும் பேசமாட்டேங்கிறீங்க?

எஸ்போசிட்டோ கேள்வி கேட்டுக் கேட்டு ஒண்ணும் நடக்கல. அவரோட மேலதிகாரி இரேனே உள்ளே வர்றா. கோமஸோட பார்வை அவ சட்டைத் திறப்புக்குப் போகுது. கேமரா அதைக் காட்டுது, அவளும் பார்த்துடறா. அந்த ஒரு விநாடியில இவன்தான்னு அவளுக்கு உறுதியாயிடுது. அந்தப் பார்வையை உலகத்துல எல்லாப் பொண்ணுக்கும் தெரியும், அதுக்கு சாட்சி வேண்டாம், சப்டைட்டில் வேண்டாம். அதுக்கப்புறம் அவ, இந்த ஒல்லிப்பயலால இதெல்லாம் முடியுமா, இவன் ஆம்பளையான்னு எஸ்போசிட்டோகிட்ட பேசுற மாதிரி பேசியே அவனைக் கிளறுறா. அவன் வெடிச்சு, அசிங்கமா நடந்து, அவ முகத்துல குத்துறான். வாக்குமூலம் கிடைச்சிடுது.

எல்லாரும் ‘செம சீன்’னு கொண்டாடுறாங்க. நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் பார்த்தேன். ஆனா அந்த அறையில படிச்ச, பதவியில இருக்கிற பொண்ணு, உண்மையை வெளியே கொண்டுவர தன் உடம்பையே நடுவுல வைக்கவேண்டி வந்துச்சு. அடி வாங்கினதும் அவதான். அதுக்கப்புறம் படம் அவ கன்னத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

இன்னொண்ணு. லிலியானாவோட பழைய ஆல்பத்துல கோமஸ் எல்லா போட்டோவிலும் அவளையே பார்த்துக்கிட்டு நிப்பான், அதை வெச்சுத்தான் எஸ்போசிட்டோ துப்பு பிடிக்கிறார். இரேனே நிச்சயதார்த்த போட்டோவுல எஸ்போசிட்டோவும் ஓரமா நின்னு அப்படியேதான் பார்த்துக்கிட்டு நிப்பார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ‘வெறி’ன்னு ஒரே பேர் கொடுத்தா நான் ஒத்துக்கமாட்டேன். ஒருத்தன் கேக்காம எடுத்துக்கிறவன், இன்னொருத்தர் கால் நூற்றாண்டு வாயைத் திறக்காதவர். தெற்குவாசல் சொன்ன அந்த வசனம் கேக்க அழகா இருக்கு, ஆனா கொலைகாரனையும் அது அந்த அழகுக்குள்ள சேர்த்துக்குது.

அம்மா அப்பாவோட பார்க்கலாம்னு இருக்கிறவங்க ஆரம்பத்துல சடலம் கிடக்குற காட்சியை மனசுல வெச்சுக்கங்க. அவ்வளவு காட்டியிருக்க வேண்டியதில்ல.

கட்டுக்காரர்

நான் நீதிமன்றப் பிரிவில் வேலை பார்க்கிறவன். படம் பார்த்த பலர் எஸ்போசிட்டோவைப் போலீஸ் என்றே எழுதுகிறார்கள். அவர் போலீஸ் இல்லை, நீதிமன்ற ஊழியர். அந்தக் காலத்து அர்ஜென்டினாவில் குற்ற விசாரணையை நடத்துவது விசாரணை நீதிபதி. வாக்குமூலம் வாங்குவது, கேஸ் கட்டைத் தயார் செய்வது எல்லாம் அவருக்குக் கீழே இருக்கிற அலுவலகத்தின் வேலை. இரேனே அங்கே செயலாளர், எஸ்போசிட்டோவுக்கு மேலதிகாரி. பாயெஸ் ஒருவர்தான் போலீஸ் இன்ஸ்பெக்டர். இது தெரியாமல் பார்த்தால் படத்தின் பாதி வலி போய்விடும்.

என்னை விடாத காட்சி கட்டடத் தொழிலாளிகள் இருவருடையது. கேஸை முடிக்க வேண்டுமென்று அவர்களைப் பிடித்து, அடித்து, ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறார்கள். எஸ்போசிட்டோ போய்ப் பார்க்கிறார். வீங்கின முகங்கள். ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை. நேரே திரும்பி வந்து, அந்த நீதிமன்ற மாளிகையின் உயரமான தூண்களுக்கு நடுவில் சக அலுவலர் ரோமானோவின் மேல் பாய்கிறார். பின்னால் நடக்கும் அத்தனைக்கும் வித்து இங்கேதான். அந்த அவமானத்தை மனதில் வைத்துத்தான் ரோமானோ பிறகு கோமஸை வெளியே விடுகிறான். இரண்டு ஏழைகளுக்காக ஒரு குமாஸ்தா கோபப்பட்டார், அதற்கு விலையாக சாண்டோவல் செத்தான். தூண்களும் பளிங்கும் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே நடப்பது இதுதான் என்று ஒரே நடையில் காட்டிவிட்டார் இயக்குநர் காம்பனெல்லா.

வல்லைவெளி

நான் யாழ்ப்பாணம். எனக்கு லிஃப்ற் காட்சி.

கோமஸை ஏன் விட்டனீங்கள் எண்டு ரோமானோவிட்டக் கேட்டு, அவமானப்பட்டு, எஸ்போசிட்டோவும் இரேனேயும் இறங்கி வருகினம். லிஃப்ற் நிக்குது, கோமஸ் ஏறுறான். ஒரு சொல்லும் கதைக்கேல்லை. துவக்கை எடுத்து, லோட் பண்ணுறான். அவ்வளவும்தான். மற்ற இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல் நிக்கினம். நீதிமன்றத்தில வேலை செய்யிற இரண்டு பேர், அரசாங்கக் கட்டடத்துக்குள்ள.

எங்கட பக்கத்தில, ஆக்களைக் கடத்திக்கொண்டு போற வெள்ளை வான் எண்டு சொன்னாலே சனம் கதையை நிப்பாட்டிப்போடும். அந்த நிப்பாட்டு எப்பிடி இருக்கும் எண்டு நான் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த ஏலாமல் இருந்தனான். அந்த லிஃப்ற்றைக் காட்டினால் காணும். கடைசிவரிசை அண்ணை, கோமஸின்ர கெஞ்சல் உங்களை உலுக்கினது எண்டு எழுதியிருக்கிறியள். எனக்கு அவன் அந்தக் கம்பிக்குப் பின்னால நிக்கேக்க லிஃப்ற்றுக்குள்ள நிண்ட முகம்தான் தெரிஞ்சுது. இரக்கம் வரேல்லை.

எழுபத்தாறு

வல்லைவெளி சொன்னதோட சேர்த்து இதையும் வெச்சாத்தான் மொராலஸ் புரிவான்.

கதை நடக்குற 1974-ல ஜூலை 1 அன்னிக்கு அதிபர் பெரோன் இறந்துபோறார். துணை அதிபரா இருந்த மனைவி இசபெல் பதவிக்கு வர்றாங்க. அவங்க ஆட்சியில லோபெஸ் ரெகான்னு ஒரு அமைச்சர், அவர் பின்னாடி ‘டிரிப்பிள் ஏ’ன்னு கொலைப்படை. ரோமானோ கோமஸை விடுவிச்சது சும்மா இல்ல, இப்படிப்பட்ட வேலைக்கு இவன் ஆகும்னுதான். மொராலஸ் டிவியில பார்க்குறது என்ன? இசபெல் பெரோன் பக்கத்துல மெய்க்காப்பாளனா நிக்கிறான் தன் பொண்டாட்டியைக் கொன்னவன். நான் அந்த இடத்துல படத்தை நிறுத்திட்டேன். தொடர்ந்து பார்க்க முடியல.

1976 மார்ச் 24-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. 1983 வரைக்கும் ஆயிரக்கணக்கானவங்க காணாமப் போனாங்க, மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர்னு சொல்றாங்க. 1985-ல ராணுவத் தலைவர்கள் மேல வழக்கு நடந்து தண்டனை ஆச்சு. ஆனா அடுத்த ரெண்டு வருஷத்துலயே மத்த அதிகாரிகளைக் காப்பாத்த ரெண்டு சட்டம் வந்துச்சு. பிறகு அதிபர் மெனெம் தலைவர்களுக்கே மன்னிப்புக் கொடுத்துட்டார். எஸ்போசிட்டோ நாவல் எழுத உட்கார்ற 1999-ல சித்திரவதை பண்ணினவன் தெருவுல சுதந்திரமா நடக்குறான். அந்தச் சட்டங்கள் செல்லாதுன்னு உச்சநீதிமன்றம் சொன்னதே 2005-லதான். அந்த ஜனங்க 2009-ல தியேட்டர்ல உட்கார்ந்து ‘ஆயுள்னு சொன்னது நீங்கதானே’ன்னு கேக்குறாங்க. அந்த வசனத்தை மொராலஸ் ஒருத்தன் மட்டும் பேசலைங்க.

கடைசிவரிசை சகோ, தொந்தரவா இருந்தா அடுத்து ‘அர்ஜென்டினா, 1985’ பாருங்க. இங்க எஸ்போசிட்டோவா நடிச்ச அதே ரிக்கார்டோ டாரின், அந்த வழக்கை நடத்தின அரசு வழக்கறிஞர் ஸ்ட்ராசெராவா வர்றார். இங்க நடக்காத நியாயம் அங்க கோர்ட்டுல நடக்கும்.

எலுமிச்சைத் தேநீர்

நான் இந்தப் பேர் வெச்சதே அந்தக் காட்சிக்காகத்தான். மொராலஸ் ரயில் நிலையத்துல உட்கார்ந்து, என்னைக்காவது கோமஸ் வருவான்னு காத்திருக்கான். கடைசிக் காலையில லிலியானா எலுமிச்சை போட்டுத் தேநீர் கொடுத்தான்னு சொல்லிட்டு, இப்போ அது உண்மையிலயே எனக்கு நினைவிருக்கா, இல்ல அந்த நினைவோட நினைவுதான் மிச்சமாங்கிறான். என் அண்ணன் போனதுல இருந்து நான் பயந்துக்கிட்டிருந்தது அதையேதான். மொராலஸா நடிச்ச பாப்லோ ராகோ அதை அழாம சொல்வார்.

ரெண்டாவது ரவுண்டு

சாண்டோவலுக்காக எழுத வந்தேன். அர்ஜென்டினாவுல எல்லாரும் காமெடியனா கொண்டாடின பிரான்செல்லாவை இப்படி நடிக்க வெச்சதுக்கே ஆஸ்கர் தகும். எஸ்போசிட்டோ வீட்டுல அவன் சுடப்பட்டுக் கிடக்கும்போது போட்டோ பிரேம் எல்லாம் குப்புறக் கிடக்கு. கொல்ல வந்தவனுங்க நீதான் எஸ்போசிட்டோவான்னு கேட்டப்போ, நான்தான்னு சொல்லியிருக்கான். முகம் காட்டிக் கொடுத்துடக்கூடாதுன்னு போட்டோவை எல்லாம் கவுத்து வெச்சிருக்கான். குடிகாரன்னு எல்லாரும் ஒதுக்கினவன்.

தெற்குவாசல்

அது எஸ்போசிட்டோ பின்னாடி மனசுல ஓட்டிப் பார்க்குறது சகோ. பிரேம் குப்புறக் கிடந்துச்சுங்கிறது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மீதி அவர் நம்ப விரும்புறது.

ரெண்டாவது ரவுண்டு

தெரியும். ஆனா அவனை அவ்வளவு வருஷம் பார்ல இருந்து தூக்கிட்டுப் போய் வீட்டுல விட்டவர் அவர். நண்பன் என்ன செஞ்சிருப்பான்னு அவருக்குத் தெரியாதா? நான் எஸ்போசிட்டோவை நம்புறேன்.

கட்டுக்காரர்

எழுபத்தாறு சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. கம்பிக்குள் ஒரு மனிதனை நேரில் பார்த்துவிட்டு எஸ்போசிட்டோ என்ன செய்கிறார்? சாண்டோவலின் கல்லறைக்குப் போகிறார். பிறகு நேரே இரேனேயின் அறைக்குப் போகிறார். சிக்கலாக இருக்கும் என்கிறாள் அவள், பரவாயில்லை என்கிறார் இவர், கதவைச் சாத்தச் சொல்கிறாள். தியேட்டரில் எல்லோருக்கும் கண்ணீர். எனக்கும்தான். ஆனால் அங்கே அந்தக் கதவு சாத்தப்படும்போது கோமஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். வாழ்நாள் முழுக்க நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அடிபட்ட இரண்டு தொழிலாளிகளுக்காகப் பாய்ந்தவர் அவர்தானே.

வல்லைவெளி

எழுதி ஆரிட்டக் குடுக்கிறது? 1975-லயும் எழுதிக் குடுத்தவைதானே. கையெழுத்துப் போட்டு அவனை வெளியில விட்டது அதே கட்டடம்.

கட்டுக்காரர்

அது 1975. இது 1999. இப்போது இரேனே பதவியில் இருக்கிறாள். அவளிடமே கொடுக்கலாம்.

நீலச்சங்கு

அவகிட்ட அவர் சொல்லியிருப்பார்னுதான் நான் நினைக்கிறேன். ‘சிக்கலா இருக்கும்’னு அவ சொல்றது காதலைப் பத்தி மட்டும்னு யார் சொன்னது? இன்னொரு தடவை அந்தக் காட்சியைப் போட்டு அவ கண்ணைப் பாருங்க, நானும் இன்னைக்கு ராத்திரி பார்த்துட்டு வந்து எழுதுறேன்.