ஜாக் கார்ன்வெல் 1915-லேயே சேர்ந்தவர், 1914-15 நட்சத்திரம் ஏன் இல்லை?

மாறன்
முதல் உலகப் போர்ப் பதக்கங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1916-ல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லண்ட் சண்டையில் காயம்பட்டு 16 வயதில் இறந்த ஜாக் கார்ன்வெல்லுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது பலருக்கும் தெரியும். அதோடு பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டும் உண்டு. ஆனால் 1914-15 நட்சத்திரம் மட்டும் இல்லை. அவர் 1915-லேயே கடற்படையில் சேர்ந்து எச்.எம்.எஸ். விவிட்டில் இருந்தார் என்கிறார்கள். கப்பலில் இருந்தவருக்கு அது எப்படி விட்டுப்போனது? உயிரையே கொடுத்த பையனுக்கு ஒரு பதக்கத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று உறுத்துகிறது.

துறைமுகம்
குறைக்கவில்லை நண்பரே. விவிட் கடலில் ஓடிய போர்க்கப்பல் இல்லை, பிளிமத் பக்கம் டெவன்போர்ட்டில் இருந்த கரை முகாம். ராயல் நேவியில் தரையில் இருக்கும் முகாம்களுக்கும் கப்பல் பெயர்தான் வைப்பார்கள், அதனால் பணிப் பதிவைப் பார்க்கிற எல்லாரும் முதலில் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். நட்சத்திரம் வேண்டுமென்றால் 1915 டிசம்பர் 31-க்குள் கடலிலோ போர்க்களத்திலோ பணி செய்திருக்க வேண்டும். கார்ன்வெல் அப்போது அந்த முகாமில்தான், அதாவது டெவன்போர்ட்டின் கீஹாமில், பயிற்சியில் இருந்தார். செஸ்டர் கப்பலில் சேரக் கிளம்பியதே 1916 ஈஸ்டர் திங்களன்றுதான், ஜட்லண்ட் மே 31. கடல் வாழ்க்கை மொத்தமே ஐந்து வாரத்துக்குச் சற்று மேல்.

வேறு மாலுமிகளைத் தேடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ADM என்ற கடற்படை ஆவணக் குறியீட்டில் 188-ஆம் வரிசையில் மாலுமிகளின் பணிப் பதிவும், ADM 171-ல் பதக்கப் பட்டியலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். போர்ப் பதக்கத்தின் விளிம்பிலேயே எண், பெயர், பதவி பொறித்திருக்கும்.

அலைகடல்
அந்தச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். செஸ்டர் புத்தம் புதிய கப்பல், நான்கு ஜெர்மன் குரூசர் போர்க்கப்பல்கள் ஒரே நேரத்தில் அதன்மேல் சுட்டன. கார்ன்வெல் முன்பக்க 5.5 அங்குல பீரங்கியில் குறி அமைப்பவர், அதாவது தலையில் மாட்டிய கருவி வழியாக வரும் தூரக் கணக்கைக் கேட்டுக் குறிக்கருவியைத் திருப்ப வேண்டும். சுற்றியிருந்தவர்கள் செத்தும் காயம்பட்டும் கிடக்க, நெஞ்சில் உலோகத் துண்டுகள் பாய்ந்த நிலையிலும் அடுத்த உத்தரவுக்காக அந்த இடத்திலேயே நின்றார். ஜூன் 2 அன்று கிரிம்ஸ்பி மருத்துவமனையில் இறந்தார். பீரங்கிக் கவசம் தளம்வரை இறங்காததால் அந்தக் கப்பலில் பலருக்குக் கால் போனது. எனக்கு அவர் வீரத்தைவிட அந்தக் கவசத்தின் மேல் வரும் கோபம்தான் அதிகம்.

பழம்பதக்கம்
ஒன்று கவனியுங்கள், போர்ப் பதக்கத்தையும் வெற்றிப் பதக்கத்தையும் உருவாக்கியதே 1919-ல்தான். அவர் எதையும் பார்க்கவில்லை. விக்டோரியா கிராஸை 1916 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசர் ஐந்தாம் ஜார்ஜிடமிருந்து அம்மா வாங்கினார், அதற்குச் சில வாரம் முன்னால்தான் அப்பா இறந்திருந்தார். பையனை முதலில் லண்டன் மேனர் பார்க்கில் பொதுக்குழியில் புதைத்திருந்தார்கள், பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகு ஜூலை கடைசியில் தோண்டியெடுத்து ராணுவ மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். அந்த அம்மாவை நினைத்தால் மனசு ஆறவில்லை. 1968-ல் கார்ன்வெல்லின் சகோதரி அந்த விக்டோரியா கிராஸை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார், அந்த பீரங்கியும் அங்கேயே இருக்கிறது.

மாறன்
சரி, இப்போது புரிகிறது, நன்றி. அப்படியானால் அதே கப்பலில் செத்த மற்றவர்களுக்கு?

துறைமுகம்
அன்று செஸ்டரில் இறந்தவர்கள் 29 பேர். 1915 முடிவதற்குள் கடலுக்குப் போனவர்களுக்கு நட்சத்திரத்தோடு மூன்று பதக்கங்கள், பிறகு வந்தவர்களுக்கு இந்த இரண்டு. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்துக்கு 28 நாள் பணி வேண்டும், ஆனால் அதற்கு முன்பே பணியில் இறந்திருந்தால் அந்தக் கணக்கு பார்க்கமாட்டார்கள். அதனால் கார்ன்வெல்லைவிடப் புதிதாக வந்த பையன் யாராவது இருந்திருந்தாலும் அவன் வீட்டுக்கும் பதக்கம் போயிருக்கும். பதிவேட்டில் 'சிறுவர், முதல் வகுப்பு' என்று தேடுங்கள், ஜட்லண்டில் அந்தப் பதவியோடு இறந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தச் சண்டையில் மூழ்கிய குயின் மேரி, இன்வின்சிபிள் கப்பல்களின் பட்டியல்களில் ஆரம்பிக்கலாம்.