அம்மாவின் டிக்கெட் கார்டு

குழு: காரிமங்கலம் வீடு

வெள்ளிக்கிழமை

சரவணன், காலை 6:48
அக்கா, எழுந்துவிட்டாயா? இங்கே ஃப்ளோரிடாவில் வியாழன் இரவு 9:18. அம்மாவின் டிஸ்னி டிக்கெட் கார்டு தொலைந்துவிட்டது. நாளைக் காலை இங்கே எப்காட் என்ற டிஸ்னி பூங்காவுக்குப் போக வேண்டும். நாலு நாள் டிக்கெட்டில் புதன்கிழமை மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போன ஒரு நாள்தான் கழிந்திருக்கிறது.

சித்ரா அக்கா, காலை 6:51
எப்படிடா? அம்மா என்ன செய்கிறார்?

சரவணன், காலை 6:53
சுருக்குப்பையில் வைத்திருந்தார். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஜூஸ் வாங்கக் காசு எடுத்தபோது விழுந்திருக்க வேண்டும். 4 மணிக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. படுக்கும் நேரத்தில் பையைக் கட்டிலில் கொட்டித் தேடுவதைப் பாப்பா பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். கடைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன், இல்லை.

அம்மா, காலை 6:57
குரல் பதிவு 0:51

சித்ரா அக்கா, காலை 7:01
பெரியப்பாவுக்குக் குரல் பதிவு சரியாகக் கேட்காது, அதனால் அம்மா சொன்னதை எழுதுகிறேன். "நாளைக்கு நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள். நான் அறையிலேயே இருக்கிறேன். கார்டு கிடைத்தாலும் வாசலில் கைரேகை பார்க்கும் அந்த மெஷின் என் விரலை எடுக்காது. ரேஷன் கடையில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்களே, அந்த மாதிரி அத்தனை பேருக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. பிள்ளைகள் சந்தோஷமாகப் போகட்டும்."
அம்மா, இப்படிப் பேசாதே. நீ இல்லாமல் அவர்கள் மட்டும் எப்படிப் போவார்கள்?

தீபா ஓசூர், காலை 7:04
அண்ணா, சித்தியைத் தூங்கச் சொல். இது சரியாகிவிடும். டாம்பாவில் ப்ராஜெக்டில் இருந்தபோது நான் அங்கே பல முறை போயிருக்கிறேன். தொலைந்தது வெறும் அட்டை. டிக்கெட் அவர்களுடைய கணினியில் அப்படியே இருக்கும். சித்தியின் டிக்கெட்டை உன் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் சேர்த்திருக்கிறாயா?

சரவணன், காலை 7:06
எங்கள் நாலு பேருடையதும் இருக்கிறது. அம்மா வருவது கடைசியில்தான் முடிவானது, அவருக்குத் தனியாக வாங்கினேன். அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையது, அம்மாவுடையது இல்லை.

தீபா ஓசூர், காலை 7:09
ஆப்பில் இருந்திருந்தால் எளிது. இப்போது கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான். வாங்கியபோது வந்த மின்னஞ்சலைத் தேடு, அதில் ஆர்டர் எண் இருக்கும். கார்டின் பின்பக்கம் ஒரு நீளமான எண் அச்சடித்திருக்கும். அதைப் படம் எடுத்து வைத்தாயா?

சரவணன், காலை 7:10
இல்லையே.

சித்ரா அக்கா, காலை 7:13
இரு. மேஜிக் கிங்டம் வாசலில் அம்மா கார்டைக் கையில் பிடித்து நிற்கும் படத்தைப் பாப்பா இதே குழுவில் அனுப்பினாள். அம்மா கார்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன், எண் தெரிகிறது! கடைசி மூன்று இலக்கம் மட்டும் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டது.

சரவணன், காலை 7:19
மின்னஞ்சல் கிடைத்துவிட்டது. ஆர்டர் எண், நான் பணம் கட்டிய கார்டின் கடைசி நாலு இலக்கம், எல்லாம் இருக்கிறது.

தீபா ஓசூர், காலை 7:22
போதும் அண்ணா. காலையில் எப்காட் வாசலுக்குச் சீக்கிரம் போய் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற உதவி மையத்தில் கேள். சித்தியின் பாஸ்போர்ட், உன் அடையாள அட்டை, பணம் கட்டிய கார்டு மூன்றையும் எடுத்துப் போ. சித்தியும் உன்னோடு வரிசையில் நிற்கட்டும். அவர்கள் புதுக் கார்டு கொடுத்துப் பழையதை முடக்கிவிடுவார்கள். கீழே கிடந்ததை யாராவது எடுத்திருந்தாலும் அதை வைத்து உள்ளே போக முடியாது.

பெரியப்பா, காலை 7:30
தீபா, அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போகக் கைரேகை எதற்கு? ஆதார் மாதிரி அதுவும் எங்காவது சேர்ந்துகொண்டே இருக்குமா?

தீபா ஓசூர், காலை 7:38
நல்ல கேள்வி அப்பா. அங்கே ஒரு நாள் டிக்கெட்டே ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். பல நாள் டிக்கெட் வாங்கி இரண்டு நாள் போய்விட்டு, மிச்ச நாளை வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் விரல் கேட்கிறார்கள். முதலில் விரல்களின் வடிவத்தை அளந்தார்களாம், பின்னால்தான் விரல் நுனியைப் படிக்கும் கருவி வந்தது. முதல் நாள் கார்டைக் காட்டி விரலை வைக்கும்போது அந்த விரலும் டிக்கெட்டும் ஜோடி சேர்ந்துவிடும். அடுத்த நாள் அதே விரலைக் கேட்கும். இதற்கு டிக்கெட் டேக் என்று பெயர். விரலின் படத்தை ஓர் எண்ணாக மாற்றிவிட்டுப் படத்தை உடனே அழித்துவிடுவதாக டிஸ்னி சொல்கிறது. ஆதாரில் பத்து விரலும் இரண்டு கருவிழியும் நம் முகமும் இருக்கின்றன. இது ஒரே ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஒரு விரல்.

தீபா ஓசூர், காலை 7:41
சித்திக்காக ஒன்று சொல்ல வேண்டும். விரல் கட்டாயம் இல்லை. விரல் வைக்க விருப்பம் இல்லை என்றால் படம் ஒட்டிய அடையாள அட்டையைக் காட்டலாம். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பெற்றோர் தங்கள் விரலையே வைக்கலாம்.

மாமா, காலை 7:45
மாந்தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளை, பெயர் என்றதும் ஞாபகம் வந்தது. அத்தையின் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது?

சரவணன், காலை 7:50
நல்லவேளை கேட்டீர்கள் மாமா. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் கடைசிப் பெயராக இருக்கிறது. டிக்கெட்டில் நான் இனிஷியல் மட்டும் போட்டிருக்கிறேன்.

தீபா ஓசூர், காலை 7:53
புதுக் கார்டு வாங்கும்போதே அதையும் சொல்லித் திருத்தச் சொல். இனிஷியல் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியாது. கணவர் பெயரின் முதல் எழுத்து என்று நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். எனக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. அமெரிக்காவில் எங்கே டிக்கெட் எடுத்தாலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயர் போடுங்கள்.

அம்மா, காலை 7:58
குரல் பதிவு 0:23

சித்ரா அக்கா, காலை 8:00
அம்மா கேட்கிறார்: "முதல் நாள் எந்த விரலை வைத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு மாற்றி வைத்துச் சிவப்பு எரிந்தால் என்னைத் திருட்டுத்தனம் செய்பவள் என்று நினைக்க மாட்டார்களா?"

தீபா ஓசூர், காலை 8:03
சித்தி, அந்தக் கருவியில் சிவப்பு எரியாது. சரியாக இருந்தால் பச்சை வட்டம். பொருந்தாவிட்டால் நீலம், உடனே ஓர் ஊழியர் பக்கத்தில் வருவார். வயதானவர்கள், கைவேலை செய்தவர்கள், கை ஈரமாக இருப்பவர்கள் என்று எத்தனையோ பேருக்கு நீலம் எரிவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

பெரியப்பா, காலை 8:11
அம்மா, நான் சொல்கிறேன், கேள். உன் விரலில் ரேகை தேய்ந்தது எதனால் என்று இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மாசி, பங்குனி முழுக்க வெயிலில் உட்கார்ந்து புளி தட்டி, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்த கை. புளிப்பு ஏறி விரல் வெடித்து, சோறு பிசையக்கூட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். என் விரலும் மம்பட்டி பிடித்துத் தேய்ந்ததுதான். ரேஷன் கடையில் எனக்கும் எடுக்கவில்லை, அப்புறம் போனுக்கு வந்த எண்ணைச் சொல்லித்தான் அரிசி வாங்கினேன். அன்று உன்னைத் திருப்பி அனுப்பியவர் வேறு வழி இருப்பதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் தவறு. நீ தலை குனிய வேண்டியதில்லை. நாளைக்கு நீ போகிறாய்.

சித்ரா அக்கா, காலை 8:13
பெரியப்பா 🙏

சரவணன், காலை 8:16
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. நாளைக்குக் கட்ட எந்தப் புடவையை எடுத்து வைக்கட்டும் என்று பாப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தீபா ஓசூர், காலை 8:20
காலையில் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்துவிடச் சொல் அண்ணா. விரல் ரொம்பக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கிரீம் தடவி, அது ஊறிய பிறகு துடைக்கட்டும். விரலை அழுத்தாமல் தட்டையாக வைத்தால் போதும். எதற்கும் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும்.

மாலை

சரவணன், மாலை 6:34
காலை 8 மணிக்கே கெஸ்ட் ரிலேஷன்ஸ் வரிசையில் நின்றோம். ஆர்டர் எண்ணையும் அக்கா கண்டுபிடித்த படத்தையும் காட்டினேன். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரைத் திருத்திப் புதுக் கார்டு கொடுத்துவிட்டார்கள். பணம் கேட்கவில்லை. மூன்று நாளும் அப்படியே இருக்கிறது.

சித்ரா அக்கா, மாலை 6:35
விரல்?

சரவணன், மாலை 6:39
முதலில் நீலம்தான் எரிந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அங்கே இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, ஏதோ தட்டினார். பச்சை வந்துவிட்டது. மொத்தமே ஒரு நிமிடம்கூட இல்லை அக்கா. அம்மா உள்ளே வந்ததும் அந்தப் பெரிய வெள்ளி உருண்டையை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். கார்டு இப்போது என் ஆப்பிலும் ஏறிவிட்டது, இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டேன்.

மாமா, மாலை 6:41
ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. அத்தைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு.

தீபா ஓசூர், மாலை 6:44
இனி டிக்கெட், போர்டிங் பாஸ் எதையும் எண் தெரிகிற மாதிரி எங்கேயும் போட வேண்டாம். நம் குழு என்பதால் இந்த முறை பரவாயில்லை. எல்லோரும் உங்கள் போனில் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். சித்தியின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி நான் மறுபடி அனுப்புகிறேன்.

அம்மா, மாலை 6:52
குரல் பதிவு 0:14

சித்ரா அக்கா, மாலை 6:53
பெரியப்பா, அம்மா உங்களுக்குச் சொல்கிறார்: "மாமா, உள்ளே வந்துவிட்டேன். கார்டை ஊக்குப் போட்டுப் பைக்குள் குத்தி வைத்திருக்கிறேன்."

பெரியப்பா, மாலை 6:58
நல்லதும்மா. படத்தை நீக்கிவிட்டேன். பிள்ளைகள் காலையில் ஏதாவது சாப்பிட்டார்களா?