புதுப்பிப்பு: பிளஸ் டூ வகுப்பில் மேக்பெத் கூத்து

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்துக்குப் பிள்ளைகளைக் கட்டுரை தவிர வேறென்ன செய்யச் சொல்லலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தெருக்கூத்தாக்கச் சொல்லி ஒருவர் யோசனை தந்தார். அதையே எடுத்துக்கொண்டோம். சேலத்துப் பிள்ளைகளுக்குக் கூத்து திருவிழாவில் பார்த்துப் பழகியதுதானே!

இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி. மன்னன் கொலையான கையோடு கதவு தட்டப்படும். வாயிற்காவலன் போதையில் உளறுவான். அவனைப் பிள்ளைகள் கட்டியங்காரனாக்கினார்கள், அதாவது கூத்தில் கதையை அறிவித்துச் சிரிக்கவைக்கும் கோமாளியாக. உளறலுக்கு நடுவே மிருதங்கத்தில் ‘தட் தட்’ என்று விழுந்ததும் வகுப்பே கப்சிப். சிரிப்பு வரும் இடத்திலேயே பயமும் ஏறுகிறது என்று அவர்களே சொன்னார்கள்.

மதிப்பெண் நடிப்புக்கு இல்லை. எந்த வரியை வெட்டினோம், ஏன் என்று எழுதிய ஒரு பக்கத்துக்குத்தான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அடுத்தது ஐந்தாம் அங்கம்: தூக்கத்தில் நடக்கும் லேடி மேக்பெத்தைப் பற்றி வைத்தியர் எழுதும் குறிப்பு.