நினைவழிப்பு மந்திரமும் ஹெர்மயனியின் பெற்றோரும்: ஒரே மந்திரமா, இரண்டா?

பட்டர்வொர்த் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். இந்தத் தவணையில் ஹாரி பாட்டர் நூல் வரிசையில் வரும் மந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பெயர், அது செய்யும் வேலை, அதை நீக்க முடியுமா, முடியுமென்றால் எப்படி என்று மாணவர்களே மணிலா அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். பொருள்களை மிதக்க வைப்பது, எதிராளியின் மந்திரக்கோலைப் பறிப்பது, பூட்டைத் திறப்பது ஆகியவற்றின் அட்டைகள் எளிதாக முடிந்துவிட்டன. நினைவழிப்பு மந்திரத்தில்தான் வேலை நின்றுபோய்விட்டது. 'நீக்க முடியுமா' என்ற கட்டத்தில் 'முடியும்' என்றும் 'முடியாது' என்றும் மாறி மாறி எழுதி அழித்ததில் அந்த இடத்தில் அட்டையே தேய்ந்து வெளுத்துவிட்டது.

2007இல் வெளிவந்த ஏழாம் நூலின் ஆறாம் அத்தியாயத்தில், தன் பெற்றோரின் நினைவுகளை மாற்றிவிட்டதாக ஹாரியின் தோழி ஹெர்மயனி சொல்கிறாள். வெண்டல் வில்கின்ஸ், மோனிகா வில்கின்ஸ் என்பவைதாம் தங்கள் பெயர்கள் என்றும், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வதே தங்கள் வாழ்நாள் ஆசை என்றும் அவர்கள் நம்புகிறார்கள். தங்களுக்கு ஒரு மகள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தான் உயிர் பிழைத்தால் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அந்த மந்திரத்தை விலக்கப் போவதாகவும் அவள் சொல்கிறாள். ஆனால் அடுத்த சில நாள்களிலேயே, ஒன்பதாம் அத்தியாயத்தில், ஹாரி, ஹெர்மயனி, அவர்களுடைய நண்பன் ரான் மூவரும் திருமண வீட்டிலிருந்து தப்பி லண்டன் காப்பிக்கடை ஒன்றில் ஒதுங்கிய இடத்தில், கொடிய மந்திரவாதி வால்டமோர்ட்டின் அடியாட்கள் இருவரை மடக்கிய பிறகு, நினைவழிப்பு மந்திரத்தைத் தான் செய்ததில்லை என்று ரான் சொல்ல, தானும் செய்ததில்லை, கோட்பாடு மட்டும் தெரியும் என்று ஹெர்மயனி பதில் சொல்கிறாள்.

படிவம் இரண்டில் பயிலும் இரண்டு மாணவிகள் இதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இது எழுதியவரின் கவனக்குறைவு என்கிறாள் ஒருத்தி. இவை வெவ்வேறு மந்திரங்கள் என்கிறாள் மற்றவள், ஆனால் அவளால் நூலிலிருந்து சான்று காட்ட முடியவில்லை. இந்த இரண்டு அத்தியாயங்களையும் நான் பலமுறை படித்துவிட்டேன். நூலுக்குள்ளேயே சான்று இருந்தால் இடத்தோடு சுட்டிக்காட்டி உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜெலுத்தோங் மாணவி:

வணக்கம் அக்கா. முதலில் திரைப்படத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். 2010இல் வந்த படத்தின் தொடக்கத்தில், பெற்றோர் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்க, ஹெர்மயனி பின்னால் நின்று நினைவழிப்பு மந்திரச் சொல்லான 'ஆப்ளிவியேட்' என்பதைச் சொல்கிறாள். சுவரிலும் மேசையிலும் இருக்கும் புகைப்படங்களிலிருந்து அவள் உருவம் ஒவ்வொன்றாக மறைகிறது. நெஞ்சைப் பிசையும் காட்சிதான். ஆனால் நூலில் அந்தக் காட்சியே கிடையாது. நடந்ததை ஹாரியிடமும் ரானிடமும் அவள் வாயால் சொல்வதை மட்டுமே நாம் கேட்கிறோம்; எந்த மந்திரச் சொல்லை உச்சரித்தாள் என்று அங்கே குறிப்பிடப்படவில்லை. நூலில் 'ஆப்ளிவியேட்' என்று அவள் சொல்வது காப்பிக்கடையில், அந்த அடியாட்களில் ஒருவனான டோலஹோவின் நெற்றிக்கு நேரே மந்திரக்கோலை நீட்டும்போதுதான்.

பட்டர்வொர்த் வாசகி:

நன்றி தங்கை. முதல் மாணவி படத்தைத்தான் முதலில் பார்த்தவள் என்பதால் இது அவளுக்குப் பெரிய உதவி. இருந்தாலும், நினைவை மாற்றத் தெரிந்த ஒருத்திக்கு நினைவை அழிக்கும் பழக்கம் இல்லாமல் இருக்குமா என்ற அவளுடைய கேள்வி அப்படியே நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டாம் மாணவி சொல்வதே சரி. அதற்கான சான்று ஏழாம் நூலில் இல்லை, 2005இல் வந்த ஆறாம் நூலில் இருக்கிறது.

அந்த நூலில் மார்ஃபின் காண்ட் என்பவரின் கதையைப் பாருங்கள். தன் தந்தையையும் அவருடைய பெற்றோரையும் கொன்ற வால்டமோர்ட், அந்தக் கொலைகளைச் செய்தது தானே என்று தன் தாய்மாமன் மார்ஃபின் நம்பும்படி அவர் மனத்தில் ஒரு பொய் நினைவைப் பதித்துவிடுகிறான். மார்ஃபினும் பெருமையோடு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் ஹாரியின் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் சிறைக்குச் சென்று, மனத்தை ஊடுருவிப் பார்க்கும் கலையை மிகுந்த திறமையோடு பயன்படுத்தி, உண்மையான நினைவை அவரிடமிருந்து வெளியே எடுக்கிறார். பொய் நினைவு பதிக்கப்பட்டபோது உண்மை நினைவு அழியாமல் அடியில் இருந்ததனால்தான் இது முடிந்தது. அதே நூலில் பேராசிரியர் ஸ்லகார்ன் வெட்கத்தால் தன் நினைவைத் தானே திருத்திக் கொடுத்தபோதும், திருத்தத்துக்கு அடியில் உண்மை நினைவு அப்படியே இருக்கிறது என்று டம்பிள்டோர் வெளிப்படையாகவே சொல்கிறார்.

ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் நடந்தால், புதுச் சாயம் உரிந்த தூண்களில் பழைய கடைப் பெயரின் எழுத்துகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெர்மயனி தன் பெற்றோருக்குச் செய்தது அந்த வகை. அதனால்தான் அவள் அதை 'விலக்குவேன்' என்று சொல்ல முடிகிறது. டோலஹோவுக்கு அவள் செய்தது வேறு வேலை: அன்றிரவு காப்பிக்கடையில் யாரைப் பார்த்தோம் என்பதை மட்டும் எடுத்துவிடுவது. அங்கே புதிதாக எதையும் நட வேண்டிய தேவையே இல்லை.

நூலுக்கு வெளியே ஒரு சான்றும் உண்டு. 2007 ஜூலை இறுதியில், ஏழாம் நூல் வெளிவந்த சில நாள்களில் வாசகர்களுடன் நடந்த இணைய உரையாடலில், நூலாசிரியர் ஜே. கே. ரௌலிங்கிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஹெர்மயனி பெற்றோரின் நினைவை அழிக்கவில்லை, தாங்கள் வேறு ஆட்கள் என்று நம்பும்படி செய்தாள், இவை இரண்டும் வெவ்வேறு மந்திரங்கள் என்பதே அவர் தந்த விளக்கம். பின்னர் அவர்களை அவள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள் என்றும் அவர் சொன்னார்.

செந்தூல் தமிழாசிரியர்:

பிரிக்பீல்ட்ஸ் நண்பரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் எழுதியவர் பின்னர் தரும் விளக்கத்தை நூலுக்குச் சமமாக வைக்க என் மனம் ஒப்பவில்லை. மாணவர்களுக்கு நூலிலிருந்தே விடை சொல்ல வேண்டும். நூலில் இந்த எல்லை அவ்வளவு தெளிவாக இல்லை. 1999இல் வந்த மூன்றாம் நூலில், பலூன்போல ஊதிப்போன மார்ஜ் அத்தையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவர்கள், அவர் நினைவை மாற்றிவிட்டார்கள், நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை என்று சொல்லப்படுகிறது. 2000இல் வந்த நான்காம் நூலில் முகாம் நிலத்தின் காவலர் ராபர்ட்ஸுக்கு ஒரு நாளைக்குப் பத்து முறை நினைவழிப்பு மந்திரம் தேவைப்படுகிறது. அதே ராபர்ட்ஸ் கோடைக்காலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லி வழியனுப்பும்போது, நினைவு மாற்றப்பட்டவர்கள் சிறிது நேரம் தடுமாறுவார்கள் என்று ரானின் தந்தை விளக்குகிறார். அழிப்பதும் மாற்றுவதும் ஒரே ஆளுக்கு, ஒரே வேலையாகவே அங்கே வருகின்றன. ஆகவே 'இரண்டு மந்திரங்கள்' என்று அட்டையில் அடித்துச் சொல்லிவிட முடியுமா என்பது என் ஐயம்.

இன்னொன்றும் உண்டு. அழிக்கப்பட்ட நினைவு போனது போனதுதான் என்று நண்பர் கருதுவதாகத் தெரிகிறது. அப்படியானால் நான்காம் நூலில் நினைவு அழிக்கப்பட்ட பெர்தா ஜோர்கின்ஸ் என்ன ஆவார்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:

ஐயா, உங்கள் இரண்டு கேள்விகளும் மிகவும் தேவையானவை. மார்ஜ் அத்தை, ராபர்ட்ஸ் ஆகியோரைப் பொறுத்தவரை, நினைவில் கைவைக்கும் எல்லா வேலைகளையும் அந்த உலகத்து அதிகாரிகள் ஒரே பெயரில் பொதுவாகச் சொல்கிறார்கள் என்று கொள்ளலாம். ஆனால் அவர்கள் இருவரும் தாங்கள் யார் என்பதை மறக்கவில்லை, ஒரு சம்பவத்தை மட்டுமே இழந்தார்கள். மார்ஃபினிடமும் ஹெர்மயனியின் பெற்றோரிடமும் நடந்தது அதுவன்று. இல்லாத ஒரு நினைவு அங்கே உட்கார வைக்கப்பட்டது. பெயர் எதுவானாலும் வேலை இரண்டு வகை என்று எழுதினால் நூலுக்கு மாறாகாது.

பெர்தாவின் கதைதான் இந்தப் பொருளின் மையம் என்பது என் கருத்து. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மந்திர அமைச்சக அதிகாரி கிரவுச், சிறையிலிருந்து கடத்தி வந்து தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த மகனைப் பற்றிப் பெர்தா தெரிந்துகொண்டபோது, அவர் மீது மிகக் கடுமையான நினைவழிப்பு மந்திரத்தை ஏவுகிறார். அதன் வலிமை அளவுக்கு மீறியதால் பெர்தாவின் ஞாபகசக்தியே நிரந்தரமாகக் கெட்டுவிடுகிறது. பிறகு அல்பேனியாவில் பெர்தா வால்டமோர்ட்டின் கையில் சிக்குகிறார். அவன் அந்த மந்திரத்தை உடைத்து, கிரவுச் மறைக்க நினைத்த செய்தியை வெளியே எடுத்துவிடுகிறான். அதன் பிறகு பெர்தாவின் மனமும் உடலும் சீராக்க முடியாதபடி சிதைந்துவிட்டன என்று அவனே சொல்கிறான். ஆக, அழிக்கப்பட்ட நினைவும் முற்றாகப் போய்விடுவதில்லை. அதை எடுக்க நூலில் காட்டப்படும் ஒரே வழி ஆளையே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏழாம் நூலைப் படித்தால், ஹெர்மயனி ஏன் வெறுமனே நினைவை அழிக்காமல் பெயர், ஊர், ஆசை எல்லாவற்றையும் மாற்றினாள் என்பது விளங்கும். ஹாரியைப் பற்றி மட்டும் மறக்கச் செய்துவிட்டு அவர்களை அதே வீட்டில் அதே பெயரில் விட்டிருந்தால், வால்டமோர்ட் அவர்களைப் பிடித்து, பெர்தாவுக்குச் செய்ததையே செய்திருப்பான். மறதி அவர்களைக் காப்பாற்றாது. யாரும் கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதே காப்பாற்றும். அவர்களைத் தேடிப் பிடித்து விசாரிப்பதைக் கடினமாக்கவே இப்படிச் செய்தேன் என்று அவளே சொல்கிறாள். பதினேழு வயதுப் பெண் தன் பெற்றோரின் மனத்திலிருந்து தன்னையே எடுத்துவிடுவதற்கு எவ்வளவு யோசித்திருப்பாள் என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் அம்மா.

ஜெலுத்தோங் மாணவி:

ஐயா சொன்னது மனத்தில் தைத்தது. ஹாரியின் பள்ளி ஆசிரியர்களில் ஒருவரான லாக்ஹார்ட்டையும் இதில் சேர்க்க வேண்டுமா என்று கேட்க விரும்புகிறேன். 1998இல் வந்த இரண்டாம் நூலில் ரானின் உடைந்த மந்திரக்கோலால் அவர் ஏவிய மந்திரம் அவரையே திருப்பித் தாக்குகிறது. ஐந்தாம் நூலில், இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் மருத்துவமனையில்தான் இருக்கிறார். கையெழுத்துப் போட்டுத் தரும் ஆசை மட்டும் மிஞ்சியிருக்கிறது, தமக்கு ஏன் இத்தனை கடிதங்கள் வருகின்றன என்று அவருக்கே தெரியவில்லை.

செந்தூல் தமிழாசிரியர்:

சேர்க்கலாம் தங்கை, ஆனால் தனிக் குறிப்பாக. அது உடைந்த கோலால் நேர்ந்த விபத்து; அந்த மந்திரத்தின் இயல்பான விளைவை அதைக்கொண்டு அளக்கக் கூடாது. திறமையான கையால் ஏவப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே ஐந்தாம் நூலில் அமைச்சக அதிகாரி கிங்ஸ்லி, பள்ளி மாணவி மேரியட்டாவின் நினைவை மாற்றியதைக் காட்டுங்கள். தலைமையாசிரியர் அறையில், அத்தனை பேர் முன்னிலையில், யாரும் கவனிக்காதபடி அவர் அதைச் செய்துவிடுகிறார். மேரியட்டாவின் கண்கள் மட்டும் சிறிது நேரம் வெறுமையாகத் தெரிகின்றன.

பெர்தாவைப் பற்றிய விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவிகள் இருவரையும் அழைத்து நான்காம், ஆறாம் நூல்களில் நீங்கள் சுட்டிய பகுதிகளைத் தேடி எடுக்கச் சொன்னேன். மார்ஃபின் பகுதியை முதல் மாணவியே கண்டுபிடித்து உரக்கப் படித்துக் காட்டினாள். பழைய அட்டையை எடுத்துவிட்டு இரண்டு அட்டைகள் எழுதியிருக்கிறோம். ஒட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் அட்டை: 'நினைவழிப்பு. குறிப்பிட்ட சம்பவத்தை மறக்கச் செய்யும். ஏவப்பட்டவர் சிறிது நேரம் தடுமாறலாம். அளவுக்கு மீறினால் ஞாபகசக்தியே கெடும். எதிர்மந்திரம் நூலில் சொல்லப்படவில்லை. வால்டமோர்ட் ஒருமுறை உடைத்தான். அதில் அந்த ஆள் சிதைந்தார்.' இரண்டாம் அட்டை: 'பொய் நினைவு பதித்தல். உண்மை நினைவை மூடி, அதன்மேல் வேறொன்றை நம்பச் செய்யும். உண்மை அடியில் இருப்பதால் விலக்க முடியும். சான்று: மார்ஃபின்.' லாக்ஹார்ட்டுக்கு முதல் அட்டையின் அடியில் ஒரு சிறு தாள்.

செந்தூல் தமிழாசிரியர்:

மிக நன்றாக வந்திருக்கிறது. ஒரே திருத்தம்: இரண்டாம் அட்டையில் 'விலக்க முடியும்' என்பதற்குப் பின் 'மிகுந்த திறமை இருந்தால்' என்று சேர்த்துவிடுங்கள். டம்பிள்டோருக்கே அது எளிதாக இருக்கவில்லை.

பட்டர்வொர்த் வாசகி:

சேர்த்துவிட்டோம் ஐயா. அடுத்த சனிக்கிழமை கட்டாயப்படுத்தும் சாபத்தின் அட்டை. அதை எதிர்த்து நின்றவர்கள் யார் யார் என்று மாணவர்கள் இப்போதே பட்டியல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐயம் வந்தால் மீண்டும் இங்கேயே கேட்கிறேன்.