.30-06 ரைபிள்ல சுட்ட காலி கேஸ் (பித்தளைக் கூடு) வேற வடிவத்துல வருது, சேம்பர (தோட்டா ஒக்கார்ற அறைய) மாத்தியிருக்காங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாறைக்காடு விவசாயி:
வணக்கங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னையும் கடலையும் போட்டிருக்கோம். நெல்லியாம்பதி எஸ்டேட்ல இருந்த ஒரு தொரை ஊருக்குத் திரும்பறப்ப தாத்தா அவர்கிட்ட வாங்குன .30-06 போல்ட் ரைபிள், லைசன்ஸ் இப்ப என் பேர்ல இருக்கு, 2022-ல கேரளாவுல பஞ்சாயத்து தலைவரே காட்டுப்பன்னிய சுட உத்தரவு போடலாம்னு வந்த பின்னாடி எங்க பஞ்சாயத்து லிஸ்ட்லயும் நான் இருக்கேன். கடையில வாங்குன பேக்டரி தோட்டா தான் போடறேன், ஆனா சுட்ட கேஸ சுடாத தோட்டா பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணா இல்லைங்க. சுடாதது கழுத்துக்குக் கீழ சரிவா எறங்குது, சுட்டது அதே எடத்துல தோளத் தூக்கி நிக்குது, உடம்பும் நேரா இருக்கு. கீறல் இல்ல, போல்ட் (சேம்பரப் பின்னாடி மூடற தாழ்) லேசா தொறக்குது. அமெரிக்காவுல இருக்கற மச்சான் போட்டோ பாத்துட்டு இது 'ஆக்லி இம்ப்ரூவ்டு', சாதாவ விட ரொம்ப பவருங்கறான். நெஜமாங்களா? தொடர்ந்து சுடலாமா?

மலையோரம்:
மொதல்ல சுடறத நிறுத்துங்க தம்பி. மச்சான் சொன்ன பேரு சரியாத்தான் இருக்கும். பி.ஓ. ஆக்லின்னு அமெரிக்காவுல ஒரு பெரிய கன்ஸ்மித், பழைய தோட்டாக்களோட உடம்புச் சரிவக் கொறைச்சு தோள 40 டிகிரிக்கு நிமித்தி விட்டாரு, வெடிமருந்து கொஞ்சம் கூட புடிக்கட்டும்னு. 1906-ல அமெரிக்க ராணுவத்துக்கு வந்த ஒரிஜினல் .30-06 தோட்டாவுல தோள் 17.5 டிகிரி தான். அந்த சேம்பர்ல சாதா தோட்டாவப் போட்டு சுட்டா பித்தளை ஊதிப் போயி சேம்பர் வடிவத்துக்கே வந்துரும், நீங்க பாக்கறது அதுதான். லேத்து பட்டறையில வெர்னியர் வச்சு தோள் விட்டம் பாருங்க, சாதாவுக்கு 11.2 மி.மீ., இதுக்கு 11.5 பக்கம் வரும்.

ஆனைகட்டி தோட்டம்:
பவர் கூடுதலா கெடைச்சா பன்னிக்கு நல்லது தானே, எதுக்கு பயமுறுத்தறீங்க?

மலையோரம்:
பயமுறுத்தலைங்க, கணக்கு அப்படி. .250 சாவேஜ், .257 ராபர்ட்ஸ் மாதிரி தோட்டாவுல இந்த மாத்தம் நல்லா வேலை செய்யும். .30-06ல ஏற்கனவே உடம்புச் சரிவு கம்மி, மருந்துக்கு எடம் 4, 5 சதவீதம் தான் கூடுது, வேகம் வினாடிக்கு 50லேர்ந்து 100 அடி கூடுனா பெருசு. 180 கிரெயின் எடையுள்ள குண்டு சாதாரணமாவே 2700 அடியில போகுது, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல 60 மீட்டர்ல நிக்கற பன்னிக்கு அதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க. அந்த 100 அடியும் ஊதுன கேஸ்ல மறுபடி மருந்து அடைச்சாத்தான் வரும். இங்க நாம பேக்டரி தோட்டா தான் வாங்கறோம், அதுல பாதி சக்தி பித்தளைய விரிக்கவே போகாட்டியும் கொஞ்சம் போகத்தான் செய்யுது, அதனால வேகம் சாதா ரைபிள விட துளி கம்மியாத்தான் இருக்கும். நம்ம ஊருக்கு ஒரிஜினல் தான் லாபம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

லேத்துக்கடை:
முக்கியமான விஷயம் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பர்ல தோட்டா முட்டி நிக்கற எடத்துக்கும் உள்ள தூரம். ஒழுங்கா செஞ்சவங்க பேரல 4 தவ், அதாவது அங்குலத்துல ஆயிரத்துல நாலு பங்கு, உள்ள தள்ளி வச்சுத்தான் சேம்பர் வெட்டுவாங்க, சாதா தோட்டா கழுத்தடியில இறுக்கமா ஒக்காரும். தள்ளாம சும்மா ரீமர் (சேம்பர் குடையற கருவி) விட்டிருந்தா தோட்டா முன்னாடி ஆடும், கேஸ் அடிப்பக்கம் அறுந்து சூடான வாயு பின்னாடி பீச்சும், கண்ணு போயிரும். காலி கேஸோட அடியில வளையமா பளபளன்னு ஒரு கோடு இருக்கான்னு பாருங்க, மெல்லிசு கம்பி நுனிய வளைச்சு உள்ள விட்டுத் தடவுங்க, பள்ளத்துல தட்டுனா அந்த ரைபிள தொடவே வேண்டாம். தட்டலைன்னாலும் லைசன்ஸ் உள்ள கன்ஸ்மித்கிட்ட குடுத்து சாதா .30-06 'கோ' கேஜ் (ஹெட்ஸ்பேஸ் பாக்கற அளவுக் கட்டை) போடச் சொல்லுங்க, ஆக்லி சேம்பர்ல அது போட்டா போல்ட் மூடவே கூடாது.

பாறைக்காடு விவசாயி:
அண்ணங்களே ரொம்ப நன்றி. விட்டம் 11.5 தான் வந்துச்சு, கம்பியும் எங்கயும் தட்டலைங்க. கன்ஸ்மித் கேஜ் போட்டாரு, போல்ட் மூடல, சேம்பர் சுத்தமா வெட்டுன வேலைன்னாரு. லைசன்ஸ்ல .30-06ன்னு மட்டும் தான் இருக்கு, அதுக்கு என்ன பண்றதுங்க?

மலையோரம்:
நல்ல சேதி. கன்ஸ்மித்கிட்ட சேம்பர் விவரத்த எழுதி வாங்கி லைசன்ஸ் குடுக்கற ஆபீஸ்ல ஒரு மனு வச்சிருங்க தம்பி, ஆயுதச் சட்டத்துல 5ஆம் பிரிவு துப்பாக்கிய மாத்தி அமைக்கறதுக்கே தனி லைசன்ஸ் கேக்குது, பழைய வேலைன்னு நீங்களே முன்னாடி சொல்லிட்டா பின்னாடி கேள்வி வராது. பேக்டரி தோட்டாவே போடுங்க, ஆக்லி தோட்டான்னு யாராச்சும் அடைச்சுக் குடுத்தா வாங்காதீங்க, அது பக்கத்து தோட்டத்துக்காரரோட சாதா .30-06ல ஏறாது. ஜீரோ, அதாவது குறி வச்ச எடத்துலயே குண்டு படுதான்னு மட்டும் 50 மீட்டர்ல ஒருவாட்டி சரிபாத்துக்குங்க.